அம்மாவுக்கு ‘டென்ஷன்’ என்று சொன்னால் டாக்டருக்கு என்ன புரியும்?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. திருமங்கலம் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அப்பா போன ஆடியில் தவறிவிட்டார், அடுத்த மாதம் முதல் வருஷத் திதி வருகிறது. ஒரு மாதமாகப் போன் எடுத்தாலே ‘படபடன்னு வருதும்மா, மனசு ஒரு நிலையில இல்ல, இருப்புக் கொள்ளல’ என்கிறார். நான் ஓசூரிலிருந்து போய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ‘அம்மாவுக்கு ஒரே டென்ஷன் சார்’ என்று சொன்னேன். ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். தூங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாளாகியும் பெரிய மாற்றமில்லை. விவரம் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வார்த்தை சொல்கிறார். படபடப்பு, பதற்றம், தவிப்பு, குழப்பம் எல்லாம் ஒன்றுதானா? டாக்டரிடம் எப்படிச் சொல்ல வேண்டும்? இன்னொரு சின்னச் சந்தேகம்: பதற்றமா, பதட்டமா? (முந்தாநாள் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்துகொண்டே ‘நாம எப்ப வீட்டுக்குப் போறோம்’ என்று இரண்டு தடவை கேட்டார். காலையில் சரியாகிவிட்டார்.)

— வாசகி, ஓசூர்

பதில்: கடிதத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். மற்றவை நான்கு நாள் பொறுக்கும், அது பொறுக்காது. இதைப் படித்ததும் அம்மாவை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் ஓசூரில் இருந்தால் ஊரிலிருக்கும் சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ யாராவது கூடப் போகட்டும்.

சொந்த வீட்டில் இருந்துகொண்டு எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்பதையும் நாம் குழப்பம் என்றுதான் சொல்கிறோம். பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று முடிவெடுக்க முடியாமல் மண்டையை உடைத்துக்கொள்வதையும் குழப்பம் என்றுதான் சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு விஷயங்கள். இரண்டாவது வகையில் இருப்பவர் தானே வந்து ‘டாக்டர், ஒரே குழப்பமா இருக்கு’ என்பார், கதை முழுவதையும் வரிசை பிசகாமல் சொல்வார். முதல் வகையில் இருப்பவருக்குத் தான் குழம்பியிருப்பதே தெரியாது. கூட இருப்பவர்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். சொன்னாலும் ‘நான் நல்லாத்தான இருக்கேன்’ என்று கோபித்துக்கொள்வார்.

வயதானவர்களுக்குச் சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ திடீரென்று வரும் இந்த முதல் வகைக்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். சாயங்காலமும் ராத்திரியும் கூடும், காலையில் தெளிந்த மாதிரி இருக்கும். அப்படிக் கூடிக் குறைவதுதான் அதன் குணமே. அதனால் காலையில் சரியாகிவிட்டார் என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. இது மனநோய் இல்லை. வருஷக்கணக்கில் மெதுவாக ஏறும் மறதி நோயும் இல்லை. உடம்பில் எங்கோ ஒரு கோளாறு, அதை மூளை காட்டிக் கொடுக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு என்னவாக இருக்கலாம்? கடிதத்தை வைத்து நோயைச் சொல்ல முடியாது. ஆனால் அவர் வயதில், அவர் சாப்பிடும் மாத்திரைகளோடு, நான் முதலில் சந்தேகப்படுபவை சில உண்டு. சர்க்கரை இறங்குவது ஒன்று. ரத்த அழுத்தத்துக்குத் தரும், சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மாத்திரைகளால் ரத்தத்தில் சோடியம் குறைவது இன்னொன்று (135க்குக் கீழே போனால் குறைவு என்போம், எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதும் முக்கியம்). சிறுநீர்த் தொற்று, தண்ணீர் சரியாகக் குடிக்காதது, நாள்கணக்கில் மலச்சிக்கல் ஆகியவையும் இந்த வயதில் ஆளைக் குழப்பிவிடும். கடைசியாக, புதிதாகச் சேர்ந்த அந்தத் தூக்க மாத்திரை. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் முப்பது வயதுக்காரரைத் தூங்க வைக்கும். அறுபத்தாறு வயதுக்காரரைச் சில சமயம் தடுமாற வைக்கும், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் விழ வைக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கூட்டவும் வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்டருக்கே போன் போட்டு, முந்தாநாள் நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள்.

போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள். இருமல் மருந்து, சளி மாத்திரை, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சூரணம் உட்பட. சர்க்கரை, சோடியம், சிறுநீர்ப் பரிசோதனை மூன்றும் அன்றே பார்க்கக்கூடிய இடமாக இருக்கட்டும். பேச்சு குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் போனாலோ, எழுப்பினால் எழாத அளவுக்கு அசந்து கிடந்தாலோ யாரையும் கேட்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதமாக இருந்தால், ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன் என்று. பள்ளிக்கூடம் போகாதவராக இருந்தாலும் விரதக் கிழமைகள் தெரிந்தவருக்கு இது கஷ்டமில்லை. நடுவில் நின்றுவிடுகிறார், வழி மாறி முன்பக்கமாகச் சொல்லத் தொடங்குகிறார், என்ன கேட்டோம் என்பதையே மறந்துவிடுகிறார் என்றால் அவருடைய கவனம் நிற்கவில்லை என்று அர்த்தம். அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். நன்றாகச் சொல்லிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்த வேண்டாம். தெளிவான நேரத்தில் கேட்டிருப்பீர்கள்.

(சம்பந்தமில்லாமல் ஒன்று, ஆனால் அடிக்கடி பார்ப்பது. வீட்டில் தினமும் குடிக்கும் ஆண் யாரையாவது ஆபரேஷனுக்குச் சேர்த்தால், இரண்டாம் நாள் மூன்றாம் நாள் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று பிதற்ற ஆரம்பிக்கலாம். குடி திடீரென்று நின்றதால் வருவது அது, உயிருக்கே ஆபத்தாகலாம். சேர்க்கும்போதே குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.)

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் டாக்டரிடம் சொன்ன ‘டென்ஷன்’ என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். ‘டென்ஷன் பண்ணாத’ என்றால் எரிச்சல் மூட்டாதே என்று அர்த்தம். ‘மேனேஜர் டென்ஷன் ஆயிட்டார்’ என்றால் கோபப்பட்டார். ‘ரிசல்ட் வரப்போகுது, டென்ஷனா இருக்கு’ என்றால் பயமும் எதிர்பார்ப்பும். வேலை அதிகம் என்பதற்கும் டென்ஷன்தான். இத்தனைக்கும் பொருந்துகிற வார்த்தை டாக்டருக்கு ஒன்றையுமே சொல்லாது. அவர் காதில் விழுவது ‘மனக்கவலை, தூக்கமில்லை’ என்பதுதான். அதற்கு உண்டான மருந்தை எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிஷம்.

ஆனால் உங்கள் அம்மா டென்ஷன் என்று சொல்லவே இல்லையே. ‘படபடன்னு வருது’, ‘மனசு ஒரு நிலையில இல்ல’, ‘இருப்புக் கொள்ளல’ என்று மூன்று தனித்தனி விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். நீங்கள் மூன்றையும் ஒன்றாக்கிக் கொடுத்துவிட்டீர்கள். படித்த பிள்ளைகள் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். அம்மாவின் பேச்சு டாக்டருக்குப் புரியாது, நாம்தான் அழகாகச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு. எனக்குத் தேவைப்படுவது அழகுபடுத்தாத பேச்சுதான்.

படபடப்பு நெஞ்சில் நடப்பது. கேட்க வேண்டியது, ‘கையை வெச்சுக் காட்டும்மா, எங்க படபடங்குது?’ என்று. சிலர் நெஞ்சைத் தொடுவார்கள், சிலர் தொண்டைக்குழியை, சிலர் மேல் வயிற்றை. அடுத்து, அந்தத் துடிப்பு எப்படி இருந்தது என்று மேஜையில் விரலால் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே சீராக வேகமாகத் தட்டுகிறாரா, விட்டு விட்டுத் தாறுமாறாகத் தட்டுகிறாரா என்பது எங்களுக்குப் பெரிய தகவல். தாறுமாறு என்றால் ஒரு ஈசிஜி நார்மல் என்பதோடு விட முடியாது. ஈசிஜி காட்டுவது அதை எடுத்த அந்தச் சில நொடிகளை மட்டும்தான், படபடப்பு வந்த நேரத்தை அது பார்க்கவில்லை. இருபத்துநான்கு மணி நேரம் உடம்பில் மாட்டிவிட்டு இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி அதற்காகத்தான் இருக்கிறது.

அப்புறம், எப்போது வருகிறது? மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் நாளில், பசியோடு, வேர்த்து, கை வெடவெடத்து வந்து, ஏதாவது சாப்பிட்டதும் அடங்குகிறது என்றால் அது சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம். தனியாக இருப்பவர்கள் ‘ஒருத்திக்கு என்ன சமைக்கிறது’ என்று சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார்கள், மாத்திரையை மட்டும் தவறாமல் போடுகிறார்கள். கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு இது ஆபத்தான சேர்க்கை. படபடப்பு வரும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்தால் விஷயம் முடிந்தது. 70க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: இதயத்துடிப்பைக் குறைக்கும் வகைப் பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கினாலும் படபடப்பு சரியாகத் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் காட்டிக் கொடுக்கும்.

காரணமே இல்லாமல் திடீரென்று வந்து, பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், மூச்சு முட்டி, ‘செத்துருவேனோ’ என்ற பயத்தோடு வந்து மெல்ல அடங்குவது பயத் தாக்குதலாக இருக்கலாம். நாள் முழுக்கப் படபடப்பு, எடை குறைவு, வெயில் தாங்காமை, விரல் நடுக்கம் என்றால் தைராய்டு. நடந்தால் மட்டும் வந்து உட்கார்ந்தால் அடங்கினால் ரத்தசோகையோ இதயமோ. சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்புகூட நெஞ்சு வலி இல்லாமல், வியர்வையும் மூச்சு வாங்கலுமாக வரக்கூடும். ஒரே வார்த்தை, எத்தனை இடத்துக்குக் கொண்டு போகிறது பாருங்கள். அந்த வார்த்தையோடு நேரமும் சேர்ந்தால்தான் வழி தெரியும்.

‘இருப்புக் கொள்ளல’ என்று சொன்னாரே, அதை நான் ரொம்ப முக்கியமாக எடுத்துக்கொள்வேன். உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், படுத்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இருக்கிறதா? அல்லது உடம்பு சும்மா கிடக்க, மனசு மட்டும் அலைகிறதா? காலில் இருக்கிறது என்றால் சமீபத்தில் வாந்திக்கோ குமட்டலுக்கோ மருந்து கொடுத்தார்களா என்று தேடுவேன். மெட்டோகுளோபிரமைடு போன்ற சில மருந்துகளும், மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும் இப்படி ஒரு நிலைகொள்ளாமையை உண்டாக்கும். அதைக் கவலை என்று நினைத்து மருந்தைக் கூட்டினால் அது இன்னும் மோசமாகும். மருந்தை மாற்றினால் பல சமயம் சரியாகிவிடும். மனசு மட்டும் அலைகிறது என்றால் வேறு பேச்சு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

மற்ற வார்த்தைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பதற்றத்துக்கு ஒரு காரணம் இருக்கும்: ஏதோ நடந்தது, அல்லது நடக்கப்போகிறது. ‘எதுக்குப் பதறுது?’ என்று கேட்டால் பதில் வரும். தவிப்பில் ஒரு ஏக்கம் சேர்ந்திருக்கும். தவிச்ச வாய்க்குத் தண்ணி என்கிறோமே, அந்தத் தவிப்பு. ராத்திரி பத்து மணிக்கும் பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால் தவிப்பு, கதவு திறந்ததும் போய்விடும். யாரும் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் போகாத தவிப்பு உண்டு. கலக்கம் வயிற்றில் தெரியும், திணறல் மூச்சில் தெரியும். கிறுகிறுப்பு என்று சொல்பவரை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் பிபி பார்க்க வேண்டும். நின்றால் இறங்குகிறதா என்று தெரியும்.

ஆண்கள் இந்த வார்த்தைகளில் எதையும் லேசில் சொல்வதில்லை. ‘கோபம் கோபமா வருது’, ‘எதைக் கண்டாலும் எரிச்சல்’, ‘தலை சூடாவே இருக்கு’ என்பார்கள். உள்ளே இருப்பது அதே பதற்றமாக இருக்கும். கொஞ்சம் நெருக்கிக் கேட்டால் ‘நரம்புத் தளர்ச்சியா இருக்குமோ’ என்பார்கள். பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரமாகப் படித்துப் படித்து வந்த வார்த்தை அது. அப்படி ஒரு நோயே எங்கள் பட்டியலில் கிடையாது. கை நடுக்கம், தூக்கமின்மை, சோர்வு, ஆண்மை பற்றிய பயம் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு அடைத்துவிட்டார்கள். அதைப் பிரித்துக் கேட்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆகிவிடும்.

ஊர் மாறினால் வார்த்தையும் மாறும். யாழ்ப்பாணத்துக்காரர் ‘அந்தரமா கிடக்கு’ என்றால் உள்ளுக்குள் ஒரு நிலைகொள்ளாமை. அதையே பதகளிப்பு என்றும் சொல்வார்கள். ‘யோசிச்சுக்கொண்டே இருக்கிறன்’ என்றால் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று பொருள். தமிழ்நாட்டு டாக்டர் அதைச் சிந்தனை என்று எடுத்துக்கொண்டால் போயிற்று. சென்னையில் ‘பேஜாரா கீது’ என்பதும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான், கொஞ்சம் சலிப்பும் சேர்ந்தது.

எல்லாவற்றிலும் கஷ்டமானது ‘ஒரு மாதிரி இருக்கு’. அதைச் சொல்கிறவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த வார்த்தையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த வெட்கத்துக்குக் காரணம் நாம்தான். மனசு சரியில்லை என்று ஒருவர் வாய் திறந்தால் ‘கீழ்ப்பாக்கம் கேஸா’ என்று சிரிக்கிற ஊரில், எல்லோரும் டென்ஷன் என்கிற பாதுகாப்பான வார்த்தைக்குள் ஒளிந்துகொள்வதில் ஆச்சரியமில்லை. ‘ஒரு மாதிரி’ என்று வந்தால் ‘பயமா இருக்கா, கவலையா இருக்கா’ என்று நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள், எதற்காவது தலையாட்டிவிடுவார். ‘அந்த மாதிரி வந்தா என்ன செய்யத் தோணுது?’ என்று கேளுங்கள். படுக்கத் தோன்றுகிறதா, எழுந்து ஓடத் தோன்றுகிறதா, அழத் தோன்றுகிறதா, யாரோடும் பேசாமல் இருக்கத் தோன்றுகிறதா? இதற்கு அம்மாக்கள் நன்றாகவே பதில் சொல்வார்கள். ‘எதுக்கு இருக்கணும்னு தோணுது’ என்று வந்தால் பேச்சை மாற்றாமல், சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இனி அந்த ‘மனசு ஒரு நிலையில இல்ல’. நீங்கள் எழுதியிருக்கிற தேதிகளைப் பார்த்தால், முதல் திதிக்கு ஒரு மாதம் இருக்கிறது. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தவர்கள்கூட முதல் திதி நெருங்கும்போது ஆடிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐயரைக் கூப்பிட வேண்டும், சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், யார் கூட நிற்பார்கள் என்று நூறு நினைப்பு. இது துக்கம், இதற்கு மாத்திரையைவிட ஆள்தான் தேவை. ஆனால் நான் என் பதிலில் இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. புருஷன் போன துக்கம் என்று ஊரே ஒரு காரணம் சொல்லத் தயாராக இருக்கும்போது, சோடியத்தையும் சர்க்கரையையும் யாரும் பார்ப்பதில்லை. உடம்பை முதலில் பாருங்கள். அது தெளிந்த பிறகும் மனசு அலைந்தால், தூக்கமும் சாப்பாடும் திரும்பாவிட்டால், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அம்மாவின் ஊருக்கு மதுரை அரசு மருத்துவமனை பக்கம்.

டாக்டரிடம் சொல்ல நீளமான கதை வேண்டாம். அம்மா சொன்ன வார்த்தை, எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதனால் அடங்குகிறது, இவ்வளவுதான். ஒரு துண்டுச் சீட்டில் இப்படி எழுதிக்கொண்டு போங்கள்: ‘ஒரு மாதமாக நெஞ்சில் படபடவென்று வருகிறது என்கிறார். பெரும்பாலும் மதியம் சாப்பிடுவதற்கு முன்பு. வேர்க்கிறது. இருப்புக் கொள்ளவில்லை என்று நடந்துகொண்டே இருக்கிறார். பத்து நாளாகத் தூக்க மாத்திரை. முந்தாநாள் சாயங்காலம் சொந்த வீட்டையே அடையாளம் தெரியாமல் பேசினார், காலையில் தெளிந்தார்.’ மதியமும் வியர்வையும் நான் உதாரணத்துக்குப் போட்டது, உங்கள் அம்மா சொல்வதை எழுதுங்கள். இதை வாசிக்க அரை நிமிஷம்கூட ஆகாது. இதைக் கேட்டபின் எந்த டாக்டரும் வெறும் தூக்க மாத்திரையோடு அனுப்ப மாட்டார் என்று நம்புகிறேன். அம்மா பக்கத்தில் இருக்கும்போது அவரையும் இரண்டு வார்த்தை பேச விடுங்கள்.

பதற்றம்தான் சரி. ஏமாறு, ஏமாற்றம், தடுமாறு, தடுமாற்றம், அதே வழியில் பதறு, பதற்றம். பதட்டம் பேச்சிலும் எழுத்திலும் நன்றாகப் புழங்கிவிட்டது, துண்டுச் சீட்டில் எப்படி எழுதினாலும் எனக்குப் புரியும்.